நூறு தடாக்களும் ஓர் அண்ணனும்

மார்கழி இருபத்தேழாம் நாள் விடிகாலையில் தமிழ்நாட்டுப் பெருமாள் கோயில் மடைப்பள்ளிகளில் எல்லாம் ஒரே வாசனை. பாலில் குழைய வெந்த அரிசி, பாசிப்பருப்பு, கரைந்து இறங்கிய வெல்லம், கை தாராளமாக ஊற்றிய நெய்: அக்காரவடிசில். திருப்பாவையின் 27ஆம் பாசுரத்தில், நெய் முழங்கை வரை வழிய எல்லோரும் கூடியிருந்து உண்ணும் காட்சியை ஆண்டாள் பாடினாள். அந்த நாளைக் கூடாரவல்லி என்று ஊரே கொண்டாடுகிறது. அவள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்காரவடிசிலுக்கு இன்னொரு கதையும் உண்டு. அது தீராமல் நின்றுபோன ஒரு நேர்த்திக்கடனின் கதை.

நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் திருமொழியில் ஆண்டாள் மாலிருஞ்சோலை அழகருக்கு நேர்ந்துகொள்கிறாள். நூறு தடா நிறைய வெண்ணெய், நூறு தடா நிறைய அக்காரவடிசில். தடா என்றால் பெரிய பானை. அடுத்த பாசுரத்தில் அவள் சொல்வதுதான் வியப்பு. அழகர் வந்து இதை ஏற்றுக்கொண்டுவிட்டால், அதற்காக இன்னும் பன்மடங்கு கொடுத்து, அதன் பிறகும் அடிமை செய்வேன் என்கிறாள். வாங்கியவர் நன்றி சொல்வது உலக வழக்கம். இங்கே கொடுப்பவள், வாங்கிக்கொண்டதற்காக நன்றிக்கடன்பட்டு நிற்கிறாள்.

வாயால் நேர்ந்தாளே தவிர, அவள் காலத்தில் அந்தப் பானைகள் அழகர்கோவில் போய்ச் சேரவில்லை. சில நூற்றாண்டுகள் கழித்து, 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் அதைத் தீர்த்தார் என்பது வைணவ மரபு. ஓயாமல் திருப்பாவையைச் சொல்லிக்கொண்டே இருந்ததால் திருப்பாவை ஜீயர் என்று பெயர் பெற்றவர் அவர். அழகர்கோவிலுக்குப் போய் நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். ஆண்டாள் எழுந்து வந்து ‘அண்ணா’ என்று அழைத்தாள் என்று கதை முடிகிறது. அன்று முதல் அவர் கோயிலண்ணன். காலத்தால் பின்னே வந்தவர் அண்ணன் ஆனார். முன்னே பிறந்தவள் தங்கையானாள். ஆண்டாளின் வாழித்திருநாமமும் அவளை ராமானுஜருக்குப் பின் பிறந்தவளாகவே வாழ்த்துகிறது.

ஏன் அண்ணன்? பக்தர் என்றோ, ஆசாரியர் என்றோ அழைத்திருக்கலாமே. தமிழ்க் குடும்பத்தில் பெண்ணின் ஆசைக்குக் கூடப்பிறந்தவன் பொறுப்பு. அவள் கல்யாணத்துக்குச் சீர், பிள்ளைக்குக் காதுகுத்து, தாய்மாமன் முறை என்று அவன் கடமை நீண்டுகொண்டே போகும். தங்கை வாய்விட்டுச் சொன்ன ஒன்று நடக்காமல் கிடக்கிறது என்றால் அண்ணனுக்குத் தூக்கம் வராது. ராமானுஜர் ஆண்டாளிடம் பெற்றது முப்பது பாட்டு. அவளைப் புகழ்ந்து தள்ளியிருந்தால் அவர் ரசிகர். அவள் விட்டுப்போனதைத் தேடிப்போய்ச் செய்ததால் உறவானார். நன்றி ஓர் உறவை உண்டாக்கும் விதத்தை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன கதை வேறு இருக்கிறதா என்பது சந்தேகம்தான்.

இன்றைக்கு நன்றியுணர்வு ஒரு பயிற்சியாகவே கற்றுத்தரப்படுகிறது. அதற்கு அடித்தளம் போட்ட ஆய்வு 2003இல் வெளிவந்தது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், ஒரு குழுவினரைத் தங்களுக்குக் கிடைத்த நன்மைகளை எழுதி வரச் சொன்னார்கள். இன்னொரு குழு அன்றாடத் தொல்லைகளை எழுதியது. நன்மைகளை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைக் கூடுதல் நிறைவோடு பார்த்தார்கள். 2005இல் மார்ட்டின் செலிக்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் வேறொன்றைச் சோதித்தார்கள். இதுவரை சரியாக நன்றி சொல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்தவர்களின் மகிழ்ச்சி சட்டென்று உயர்ந்தது, மனச்சோர்வு குறைந்தது. ஒரு மாதம் வரை அந்தப் பலன் நின்றது, பிறகு கரைந்தது. இப்படிப் பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டவர்கள் பலன் உண்டு, ஆனால் பெரிதில்லை என்கிறார்கள்.

இந்த ஆய்வுகளில் குறை காண வேண்டியதில்லை. தூக்கம் கெட்டவருக்கும் மனம் சோர்ந்தவருக்கும் ஒரு நோட்டும் பேனாவும் கொஞ்சம் ஆறுதல் தருமென்றால் அது நல்லதே. ஆனால் அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: நன்றி சொன்னால் சொன்னவருக்கு என்ன கிடைக்கும்? ஸ்ரீவில்லிபுத்தூர் பழகிவந்த நன்றி அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கொடுத்தவருக்கு ஏதும் குறை உண்டா என்று கேட்கிறது. இதை முதலில் கேட்டவர் ஆண்டாளின் தகப்பனார்.

பெரியாழ்வார் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்குப் பூத்தொடுத்தவர், இயற்பெயர் விஷ்ணுசித்தர். மதுரையில் பாண்டியன் சபையில் பரம்பொருள் எது என்ற கேள்விக்கு விடை சொல்லிப் பொற்கிழியை வென்றார். அரசன் அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டான். அந்த வெற்றியைக் காணப் பெருமாளே கருடன்மேல் வந்து வானில் நின்றார் என்கிறது வரலாறு. தோட்டவேலை செய்தவருக்கு யானை, பொன், அரச மரியாதை, போதாக்குறைக்குக் கடவுளே எதிரில். இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லி அழுதிருப்பார்கள். இல்லையென்றால் மோட்சம் கேட்டிருப்பார்கள். பெரியாழ்வார் பயந்துபோனார். இத்தனை கண்கள் பார்க்கும் இடத்தில் இவ்வளவு அழகோடு வந்து நிற்கிறாரே, கண்ணேறு பட்டுவிடுமே என்று பதறி, யானைக் கழுத்து மணிகளைத் தாளமாகக் கொண்டு பெருமாளுக்கே பல்லாண்டு பாடினார். கடவுளைக் காப்பாற்ற மனிதன் வாழ்த்துகிறான்!

பிற்கால ஆசாரியர்கள் இதை ஒரு பேதைமையாக ஒதுக்கவில்லை. மற்ற ஆழ்வார்களைக் காட்டிலும் வாழ்த்துவதில் இவருக்கு இருந்த பரிவு பெரிது; ‘பெரிய’ என்ற அடைமொழி அதனால்தான் வந்தது என்று மணவாள மாமுனிகள் உபதேச ரத்தினமாலையில் காரணம் சொல்கிறார். வாங்கியவன் தன் கையைப் பார்க்காமல் கொடுத்தவரின் முகத்தைப் பார்த்தான். அதற்குத்தான் அந்தப் பெருமை. பொற்கிழியும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. கோயில் திருப்பணிக்குப் போனது என்று ஊர் சொல்கிறது.

கோயிலை விட்டு வீட்டுக்கு வந்தால் இந்தப் பார்வை எவ்வளவு பழக்கமானது என்பது தெரியும். தமிழ் வீடுகளில் பெண்டாட்டி காபி கொண்டுவந்து கொடுத்தால் புருஷன் ‘நன்றி’ சொல்வதில்லை. சொன்னால் சண்டைக்குப் பின் வந்த விறைப்பு என்று அவள் நினைப்பாள். இது தமிழர்களுக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. ஐந்து கண்டங்களில் பேசப்படும் எட்டு மொழிகளின் அன்றாடப் பேச்சைப் பதிவுசெய்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கேட்ட உதவி கிடைத்தபோது வாய்விட்டு நன்றி சொன்னது ஏறக்குறைய இருபதில் ஒரு தடவைதான். நெருங்கியவர்கள் உதவுவார்கள் என்பதை மனிதர்கள் பேசாமலே நம்பி வாழ்கிறார்கள்.

சொல்லாததால் நன்றி இல்லை என்று ஆகாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் மில் ஷிப்ட் முடிந்து வந்த மகனுக்குத் தாய் தோசை வார்த்துப் போடுகிறாள். நாலாவது தோசையில் அவன் “நீ சாப்ட்டியாம்மா?” என்கிறான். அந்த ஒரு கேள்வியில் பெரியாழ்வாரின் பதற்றம் அப்படியே இருக்கிறது. கொடுத்துக்கொண்டே இருப்பவள் குறைந்துபோகாமல் இருக்க வேண்டும் என்ற கவலை அது. அந்தக் கேள்வி கேட்கப்படாத வீடுகளும் உண்டு. ஐம்பது வருஷம் அடுப்படியில் நின்றவளிடம் ஒரு நாளும் அதைக் கேட்காமல், ‘எங்களுக்குள்ள எதுக்கு நன்றி எல்லாம்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பேசாத நன்றிக்கும் இல்லாத நன்றிக்கும் வெளியில் வித்தியாசம் தெரியாது. அவளுக்கு மட்டும் தெரியும்.

வாய்விட்டுச் சொல்ல நினைப்பவர்களைத் தடுப்பது பெரும்பாலும் கூச்சம்தான். அதையும் 2018இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்ளி என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், அதைப் பெறுபவர் எவ்வளவு சங்கடப்படுவார் என்று நினைத்தார்களோ அவ்வளவு சங்கடம் அவருக்கு இல்லை; எவ்வளவு மகிழ்வார் என்று நினைத்தார்களோ அதைவிட அதிகமாக மகிழ்ந்தார். கடிதம் அழகாக வராதே என்று எழுதியவர்கள் கவலைப்பட்டார்கள். படித்தவர்கள் பார்த்தது அதில் இருந்த அன்பை மட்டுமே. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஃபீஸ் கட்டிய சித்தப்பாவுக்கு இருபது வருஷம் கழித்து என்ன எழுதுவது என்று தயங்குகிறவர்கள் இந்த ஆய்வை நம்பலாம்.

நன்றிக்கு ஒரு நேரம் குறிப்பது இன்னொரு வழி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலோடு மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலும் பேர்பெற்றது. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் தீராத வயிற்று வலியோடு அங்கே வந்து குணமானார் என்று தலவரலாறு சொல்கிறது. வந்த பல்லக்கைச் சுவாமிக்கே கொடுத்துவிட்டு நடந்தே ஊர் திரும்பினாராம். அத்தோடு விடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை வரை வழியெல்லாம் மண்டபம் கட்டி நகரா முரசு வைத்தார். இங்கே உச்சிக்காலப் பூஜை முடிந்ததும் முதல் மண்டபத்தில் முரசு ஒலிக்கும். அதைக் கேட்டு அடுத்தது. இப்படியே எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஒலி ஓடி அரண்மனையை எட்டும். அதற்குப் பிறகே அவர் சாப்பாட்டில் கை வைப்பார். கதையில் எவ்வளவு சரித்திரம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வலி தீர்ந்த வயிற்றுக்குச் சோறு போகும் வேளையைப் பார்த்து நன்றியைக் கட்டிவைத்த யோசனை கூர்மையானது. வயிறு நலமாக இருப்பதை மனிதன் மறக்கும் நேரம் சாப்பாட்டு நேரம்தானே.

இதற்கெல்லாம் நேர் எதிரில் இருப்பது மொய் நோட்டு. தென் மாவட்டங்களில் கல்யாணம் முடிந்த மறுநாள் பீரோவுக்குள் போகும் அந்த நோட்டு அடுத்த தலைமுறை வரை பத்திரமாக இருக்கும். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்து அதற்குக் குறையாமல் திருப்பி எழுத வேண்டும். அதையும் கேவலமாக நினைக்கக் கூடாது. வட்டியில்லாமல் ஊர் சேர்ந்து ஒரு கல்யாணத்தைத் தூக்கி நிறுத்தும் ஏற்பாடு அது. ஆனால் மொய்யில் கணக்கு நேரானால் கடமை முடிந்துவிடும். நன்றியில் நேராகும் கணக்கே இல்லை. புரட்டாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்கு ஆண்டாள் சூடிக்களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகிறது. பங்குனி உத்திரத்தன்று ஆண்டாள் திருக்கல்யாணத்துக்குத் திருப்பதியிலிருந்து பட்டு வருகிறது. சித்திரையில் ஆற்றில் இறங்கும் அழகருக்கும் அவள் மாலை போகிறது. ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீரங்கத்திலிருந்தும் அழகர்கோவிலிலிருந்தும் வஸ்திரம் வருகிறது. மாலைக்குப் பட்டு ஈடா, பட்டுக்கு மாலை ஈடா என்று இதுவரை யாரும் நோட்டுப் போடவில்லை. ஒவ்வொரு முறையும் வாங்கியவர் கொடுப்பவராகிறார், வருஷம் சுற்றி மறுபடி தொடங்குகிறது.

இவ்வளவு உயர்ந்த குணத்துக்கு ஓர் ஆபத்தான பக்கம் உண்டு. அதைத் தமிழ் தெளிவாகவே பார்த்திருக்கிறது. கும்பகர்ணனுக்கு அண்ணன் செய்வது தவறு என்று தெரியும். உண்ட சோற்றுக்காகப் போருக்குப் போய் மாண்டான். கர்ணன் நட்புக்காக அநீதியின் பக்கம் நின்றான். செஞ்சோற்றுக் கடன் என்று அதை மெச்சிக் கண்ணீர் விடுகிறோம். திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் 11ஆம் அதிகாரம். அடுத்ததாக 12ஆம் அதிகாரம் நடுவு நிலைமை. ஏன் இந்த வரிசை என்பதற்குப் பரிமேலழகர் சொல்லும் காரணம் பொன்னால் பொறிக்கத் தக்கது. நமக்கு நன்மை செய்தவரிடத்தில் அந்த நன்மையை நினைக்கும்போது நம் நடுநிலை சிதையும். அந்த இடத்திலும் அது சிதையக் கூடாது என்பதற்காகவே வள்ளுவர் இதை அதன் பின்னால் வைத்தார் என்கிறார். அதாவது, நன்றியை முழுமூச்சாகச் சொல்லிக்கொடுத்த கையோடு, அது நீதியைத் தின்றுவிடாமல் காவலும் போட்டிருக்கிறார்.

இந்தக் காவல் நன்றியை எதிர்பார்ப்பவர்களுக்கும் பொருந்தும். வேலை கொடுத்த முதலாளி, படிக்க வைத்த மாமனார், திட்டம் தந்த அரசியல்வாதி, மூவரும் ‘செய்ததை மறந்துட்டியா’ என்று கேட்கும்போது அது பெரும்பாலும் வாயை அடைக்கும் கேள்வி. ராஜபாளையத்துக்காரர் ஒருவரின் வாழ்க்கை இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. பி. எஸ். குமாரசாமி ராஜா 1898இல் பிறந்தவர், சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து வளர்ந்தவர். 1949இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1950 ஜனவரி 26 அன்று நாடு குடியரசானபோது அந்த மாநிலத்தின் முதலமைச்சர் அவரே. இரண்டு வருஷம் கழித்து நடந்த முதல் பொதுத்தேர்தலில், பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் தோற்றார். முதலமைச்சரைப் பெற்றெடுத்த மண் அவரை வீட்டுக்கு அனுப்பியது. வாக்குச்சீட்டு நன்றிக்கடன் தீர்க்கும் இடம் இல்லை என்று மக்கள் நினைத்தார்கள். அது அவர்கள் உரிமை. அந்த மண்ணுக்கு அவர் கொடுத்ததும் அந்த வாக்குகளைப் பொறுத்தது இல்லை. தான் வாழ்ந்த வீட்டையே பொதுமக்களுக்காகக் கொடுத்தார். அதுவே ராஜபாளையத்தின் காந்தி கலை மன்றம். பின்னர் ஒடிசா ஆளுநராக இருந்து, 1957இல் மறைந்தார். ஊரும் அவரும் ஒருவரை ஒருவர் நன்றியால் கட்டிப்போடவில்லை. அந்த உறவில் இருந்த விடுதலை அபூர்வமானது.

பெயர் தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதலாம், வீட்டுக்குப் போகலாம், சாப்பிட்டாயா என்று கேட்கலாம். முகமே தெரியாதவர்களுக்கு என்ன செய்வது? ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் வட்டாரத்தில் விசைத்தறிகள் ஓயாமல் ஓடுகின்றன. அவற்றில் நெய்வது சேலையோ வேட்டியோ அல்ல. காயத்தில் கட்டும் பேண்டேஜ் துணி, வெள்ளை வெளேரென்று, காற்றுப் புகும் இழைநெருக்கத்தில். அந்தத் துணி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது, கப்பலும் ஏறுகிறது. அறுவை முடிந்து கண்விழித்தவர் டாக்டரைக் கும்பிடுவார், நர்சம்மாவுக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுப்பார். தன் வயிற்றில் ஒட்டியிருக்கும் துணியை எந்த ஊரில் யார் நெய்தார்கள் என்று நினைக்க அவருக்கு வழியே இல்லை.

முகம் தெரியாதவர்களுக்கு மொத்தமாக நன்றி சொல்ல இந்தியா ஒருமுறை முயன்றது. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச் 22 அன்று மாலை ஐந்து மணிக்கு ஜன்னலிலும் மாடியிலும் நின்று மருத்துவப் பணியாளர்களுக்காகவும் தூய்மைப் பணியாளர்களுக்காகவும் கைதட்டினோம், தட்டைத் தட்டினோம். பலருக்குக் கண்கலங்கியது; அந்த உணர்ச்சி பொய்யில்லை. 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் வேலைப் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை ரிப்பன் மாளிகைக்கு வெளியே நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். கைதட்டிய கைகளில் அவர்களை எட்டிப் பார்த்தவை கொஞ்சம்தான். பரிமேலழகர் சொன்ன இரண்டு அதிகாரங்களில் முதலாவதோடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டோம்.

ராமானுஜர் செய்ததை இங்கே வைத்துப் பார்க்கலாம். ஆண்டாள் கொடுத்தது அவருக்கு நேராகக் கொடுக்கப்பட்டதில்லை. அவள் அவரைப் பார்த்ததே இல்லை. அவர் அவளுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று அவள் பாட்டிலேயே தேடினார், நூறு பானை என்று கிடைத்தது. தறிக்காரருக்கு மிச்சம் இருப்பதைக் கண்டுபிடிக்க அவ்வளவு தேடவும் வேண்டாம். நூல் விலை ஏறும்போதும், கூலி ஒப்பந்தம் முடியும்போதும், சத்திரப்பட்டிச் செய்தி நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சிறிதாக வரும்: கூலி உயர்வு கேட்டு விசைத்தறித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை ஒத்திவைப்பு. ஒரு காலத்தில் உடம்பில் கட்டுப் போட்டுக்கொண்டவர் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அந்தச் செய்தியைத் தாண்டிப் போகாமல் படிக்கவும், அவர்கள் கேட்கும் கூலி நியாயமா என்று ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பார்க்கவும், நியாயம் என்று பட்டால் அதை நாலு பேரிடம் சொல்லவும் அவருக்கு முகவரி எதுவும் தேவைப்படாது.